அழுத்தினால் வெட்டாத கருவி

"மெஷின் வெட்டவில்லை" என்று என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவதற்கு முன், தயவுசெய்து ஒருமுறை உங்கள் கையைப் பாருங்கள். இந்த முகத்தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில், எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரே புகார்தான். ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய்ப் பார்த்தால், கருவி நன்றாக இருக்கும். அதைப் பிடித்திருப்பவர் மணிக்கட்டு விறைத்து, நகம் வெளுத்து, மரத்தில் ஆணி இறக்குவதுபோல் நின்றுகொண்டிருப்பார்.

நான் ஓய்வு பெறும் வயதில் இல்லை. இடமாற்றம் கிடைத்துப் போகிறேன், அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூவரும் "அக்கா, ஏதாவது எழுதி வெச்சிட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். எந்த முனையை எப்போது மாட்டுவது, எந்தப் பொத்தான் எதற்கு என்பதெல்லாம் கருவியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. படங்கள்கூட இருக்கின்றன. அதன் ஒட்டுறையை முதலில் கிழித்தவள் நான்தான் என்பதிலிருந்தே எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஆகவே அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அவள் மேல் இல்லை, எங்கள் எல்லோர் மேலும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. மீயொலிக் கருவியின் முனை கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்கிறது. கடினமான எலும்பு அந்த அதிர்வில் அறுபடும். நரம்பு, இரத்தக்குழாய் போன்ற மென்மையானவை முனையோடு சேர்ந்து ஆடிக்கொடுத்துத் தப்பித்துவிடும். எலும்பு அறுக்கும் பழைய ரம்ப வாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கீழ்த்தாடையை இருபுறமும் நீளவாக்கில் பிளந்து பின்னுக்குத் தள்ளி வைக்கும்போது, அந்த எலும்புக்குள்ளேயே கீழுதட்டுக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்பு ஓடுகிறது. அதனால்தான் நாங்கள் இந்தக் கருவிக்காக அவ்வளவு அலைந்தோம்.

இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. "நரம்ப வெட்டாதாமே!" வெட்டாது. சுடும். நீங்கள் அழுத்தினால் முனை ஆட இடமில்லாமல் திணறும். வெட்டு நிற்கும். வெட்டப் போகாத சக்தியெல்லாம் சூடாக மாறும். வெட்டவில்லையே என்று நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் முனையில் சேலைன், அதாவது உப்புநீர், ஓடிக்கொண்டே இருக்கிறது. அது குளிர்ந்திருக்க வேண்டும். அழுத்தாதே, குளிரவை: மொத்தம் இரண்டு விதிகள். இரண்டையும் ஒரே காலையில் மீறிக் காட்டிய பெருமை நம் பிரிவுக்கு உண்டு.

கலைவாணி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். தாய் கொழுந்து எடுப்பவர். மகள் தேயிலைத் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் அறையில் உதவியாளர். கோப்பைகளைக் கழுவி அடுக்குவதற்காக எடுக்கப்பட்டவள், ஒருநாள் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் சொல்வதற்கு முன்னே "இந்தத் தூள் கொஞ்சம் கருகியிருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள். அடுப்பில் சூடு கூடியிருந்தது உண்மை. அன்றிலிருந்து அவளையும் கரண்டி பிடிக்க விட்டார்கள். கொழும்பில் இருந்து ஆட்கள் வந்து, ருசி பார்க்கும் பயிற்சிக்கு ஒருவரைத் தெரிவு செய்யப்போவதாகவும் பேச்சு இருந்தது.

தேயிலை ருசி பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் எடுத்து, உதட்டைக் குவித்து, அறையே அதிரும்படி "சர்ர்" என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பெரிய துப்பும் குவளையில் நேராகத் துப்ப வேண்டும். கலைவாணிக்கு உறிஞ்சுவதில் குறையில்லை. துப்புவதில்தான் தொல்லை. கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்தது. முன்பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. துப்பினால் பாதி நாடியில் வழிந்தது. வெளியிலிருந்து வந்த ஆட்கள் முன்னால் அப்படி வழிந்தபோது, ஒருவர் சிரித்துவிட்டார். அதற்கு அடுத்த வாரமே எங்கள் கிளினிக்குக்கு வந்துவிட்டாள்.

பற்களுக்குக் கம்பி போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஹட்டனில் பஸ் மாறி வந்து போனாள். ஒருமுறைகூட பிந்தவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் நான் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வீக்கம் வரும், பல வாரம் தண்ணீர் ஆகாரம்தான், கீழுதடு மரத்துப்போகலாம், பெரும்பாலும் திரும்பி வரும், சிலருக்கு முழுதாக வராது. அவள் என்னைத் தாதி என்றே நினைத்து ஆரம்பத்திலிருந்து "மிஸ்" என்பாள். நான் வைத்தியர் என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை.

"மரத்துப்போச்சின்னா எப்படி மிஸ் உறியிறது? உறிஞ்சா வாயில நிக்கணுமே."

"அதனாலதான் புது மெஷின் பாவிக்கப் போறோம். நரம்புக்குப் பாதுகாப்பு கூட."

"கூடன்னா எவ்வளவு?"

"பழைய வாளைவிடக் கூட. முழு உத்தரவாதம் என்னால தர ஏலாது."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பாகம் பிரிப்பதுபோல் சொன்னாள்: "நாக்கு எனக்கு வேணும் மிஸ். ஒதடும் எனக்கு வேணும். தாடைய மட்டும் நீங்க எடுத்துக்குங்க."

அந்தப் பேரத்துக்கு நான் தலையசைத்தேன். ஆகவே அவளுடைய உதடு என் கணக்கில் வந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

இப்போது புஷ்பா மிஸ். நம் சத்திரசிகிச்சைத் தியேட்டரின் மூத்த தாதி. ராகலைக்காரர். அவர் இல்லாவிட்டால் அந்தத் தியேட்டர் ஒருநாள்கூட ஓடாது என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, குளிரோடு அவருக்குத் தனிப்பட்ட பகை இருக்கிறது என்பது. இந்த மலைநாட்டுக் குளிரில் சத்திரசிகிச்சை மேசையில் படுக்கிற நோயாளி நடுங்கியே ரத்த அழுத்தத்தைக் கெடுத்துக்கொள்வார். அதனால் நம் தியேட்டரில் ஒரு சூட்டு அலமாரி உண்டு. போர்வை, துணி, சேலைன் பைகள் எல்லாம் அதற்குள் போய்த்தான் நோயாளியிடம் வரும். வயிற்றைத் திறந்து கழுவும்போது அது சரியான பழக்கம். வெப்பமான கீழ்நாட்டிலிருந்து வரும் எந்த வைத்தியரும் முதலில் அந்த அலமாரியைப் பார்த்து வியப்பார், பிறகு மெல்ல அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

மீயொலிக் கருவிக்கு மட்டும் சேலைன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வரவேண்டும் என்று நான் புஷ்பா மிஸ்ஸிடம் சொன்னேன். கருவி வந்த அன்று சொன்னேன். சத்திரசிகிச்சைக்கு முந்தின நாள் சொன்னேன். அன்று காலையும் சொன்னேன்.

"பிரிஜ்லதான் டொக்டர் வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணையே எத்தன தடவ சொல்லுவீங்க?"

வைத்திருந்தார். அதில் பொய்யில்லை. காலையில் மின்சாரம் போய், வந்து, திரும்பவும் போனது. மின்பிறப்பாக்கி இயங்கி எல்லாம் சரியாகும்வரை காத்திருந்தோம். அந்த இடைவெளியில் நடந்ததுதான் எனக்குப் பிறகு தெரிய வந்தது.

அடுத்தது எங்கள் மூத்த சத்திரசிகிச்சை நிபுணர். பெயர் வேண்டாம். ஹட்டன் கடைவீதியில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, மலையகத்திலேயே வேலை செய்வேன் என்று பிடிவாதமாக இங்கேயே இருந்தவர். வாளைப் பிடித்தால் அவரைவிட வேகமாகவும் சுத்தமாகவும் தாடை பிளப்பவரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பாதி வேலை கற்பித்ததும் அவர்தான். கருவியைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே கருத்து, "இது எலும்ப வெட்டுதா, தடவிக் குடுக்குதா?"

பேசி வைத்தபடி நான் வெட்ட வேண்டும், அவர் துணை நிற்க வேண்டும். நான் கைகழுவி முடித்து உள்ளே வந்தால், கையுறை போட்டுக்கொண்டு நோயாளியின் வலது பக்கத்தில், வெட்டுபவர் நிற்கும் இடத்தில் அவர் நிற்கிறார்.

"சேர், நான்தானே..."

"கடைக்குப் புது லொறி வந்தா எங்கப்பாதான் மொதல்ல ஓட்டுவாரு. வலது பக்கம் நான், எடது பக்கம் நீ. வா."

பிரிவின் தலைவர் அவர். மயக்கத்தில் நோயாளி படுத்திருக்கும்போது இடத்துக்கு வழக்குப் பேச முடியாது. நான் எதிரே போய்க் கன்னத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மேல்பகுதி வெட்டு விழுந்தது. பிறகு தாடையின் தடித்த பகுதிக்கு வந்தார். அங்கே கருவி மெதுவாகத்தான் போகும், போகவிட வேண்டும். அவருடைய கைக்கு அந்த வேகம் பழக்கமில்லை. தோள் முன்னே வந்தது. கருவியின் மெல்லிய கீச்சொலி அடைத்துப்போய், தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் ஆனது.

"சேர், எடை வெக்காதீங்க. தூக்கித் தூக்கி இழுங்க."

"மெதுவாத்தாம்மா வெக்கிறேன். இதுக்கும் மேல மெதுவான்னா நான் வீட்டுல இருந்துதான் வெட்டணும்." பிறகு புஷ்பா மிஸ்ஸிடம்: "பவர கூட்டுங்க மிஸ்."

அவர் கூட்டினார். வெட்டு நகரவில்லை. எலும்புத்தூள் தண்ணீரோடு வெள்ளையாக வர வேண்டும். வெட்டின் ஓரத்தில் அது தேநீர்க் கறைபோல் மங்கி வந்தது. பிறகு முகக்கவசத்தைத் தாண்டி அந்த மணம் வந்தது. பல் துளைக்கும் இடத்தில் வேலை செய்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். எலும்பு தீய்கிற மணம்.

அந்த நேரத்தில்தான் இன்னொன்று உறைத்தது. கன்னத்தைப் பிடித்திருந்த என் விரல்களின் மேல் சேலைன் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியின்போது அந்தத் தண்ணீரில் என் விரல் மரத்துப்போகும். இப்போது சுகமாக இருந்தது.

"நிப்பாட்டுங்க சேர்."

"இந்தா முடியப் போகுது."

"சேர், நிப்பாட்டுங்க!"

என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. அவர் கருவியின் மிதியிலிருந்து காலை எடுத்தார். கருவி அடங்கியது. 

"சேலைன் சூடா இருக்கு," என்றேன்.

எல்லோரும் கம்பத்தில் தொங்கிய பையைப் பார்த்தோம். பார்த்தால் தெரிகிற விடயமா அது? புஷ்பா மிஸ் போய்த் தொட்டார். கையை எடுக்கவில்லை.

"பிரிஜ்ல இருந்துதானே மிஸ் எடுத்தீங்க?"

"பிரிஜ்ல இருந்துதான் டொக்டர் எடுத்தேன். எடுத்தா கை வெறைச்சிப் போச்சு. இந்த ஐஸ் தண்ணிய எப்படி புள்ள வாயில ஊத்துறதுன்னு அலமாரியில ஒரு சின்ன நேரம் வெச்சேன். குளிர் முறியட்டுமேன்னுதான். அதுக்குள்ள கரண்டு போயிருச்சி, அந்தக் கலவரத்துல நேரம் போனது தெரியல..."

"ரெண்டு பையுமா?"

"ரெண்டையுந்தான்."

இந்த இடத்தில் நீங்கள் கோபப்படலாம். நான் பட்டேன். நாட்டின் வேறெந்தத் தியேட்டரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. கீழ்நாட்டில் குளிர்ந்த பை கைக்கு இதமாக இருக்கும், யாரும் அதை எடுத்துச் சூடாக்க மாட்டார்கள். நம் ஊரில் பாசம் என்றால் சூடு. அதுதான் அன்று கலைவாணியின் நரம்புக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவர் கருவியைத் தட்டில் வைத்தார். "வாளைக் குடுங்க. ஒரு நிமிஷ வேலை."

இப்போது முடிவு என்னிடம் இல்லை. அவரிடம் இருந்தது. ஆனால் அவளிடம் தலையசைத்தவள் நான். எனக்கு மூன்று காரணங்கள் தோன்றின. மிச்சமிருந்த வெட்டு நரம்பு ஓடும் குழாய்க்கு மிக அருகில் இருந்தது. அங்கே வாள் கொஞ்சம் வழுக்கினாலும் நரம்பு போய்விடும். எலும்பு ஏற்கெனவே சூடாகியிருந்தது; அதன்மேல் இன்னொரு கருவி வைப்பதற்கு முன் அது ஆற வேண்டும். மூன்றாவது, அவர் எரிச்சலில் இருந்தார், எரிச்சலான கையில் நான் வாளைப் பார்க்க விரும்பவில்லை. முதல் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"ஆற வெச்சி, குளிர்ந்த சேலைன் வந்த பெறகு இதாலேயே முடிப்போம் சேர்."

"குளிர்ந்தது எங்க இருக்கு? அவதான் எல்லாத்தையும் அவிச்சிட்டாளே."

"வார்டு பிரிஜ்ல இருக்கும். ஆள் அனுப்பலாம்."

"அதுவரைக்கும் வாயத் தொறந்து வெச்சிக்கிட்டு என்ன செய்றது? பாட்டுப் பாடுறதா?"

தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து வைத்தியர் எட்டிப் பார்த்தார். "எனக்கு அவசரமில்ல. புள்ள நல்லாத்தான் இருக்கா. என்னா செய்யப் போறீங்கன்னு மட்டும் சீக்கிரம் சொல்லுங்க."

அதற்குப் பிறகு நான் ஒன்றுதான் செய்தேன். நோயாளியின் பெயரைச் சொன்னேன். "சேர், கலைவாணி ருசி பார்க்கிற வேலை செய்றவ. அவளுக்கு ஒதடு வேணும்." இதைவிடப் பெரிய வாதம் என்னிடம் இருக்கவில்லை. தியேட்டரில் துணிக்கு அடியில் இருப்பது வலது தாடை, இடது தாடை என்றுதான் நாம் பேசுகிறோம். பெயரைச் சொன்னால் துணிக்கு அடியில் ஒரு ஆள் வந்துவிடுகிறார். மூத்தவர் வாளுக்கு நீட்டியிருந்த கையை மடக்கி, வார்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

வார்டிலிருந்து குளிர்ந்த பைகள் வரும்வரை ஈரத்துணியை வைத்துக் காத்திருந்தோம். வெட்டுகிற துறையில் காத்திருப்பதுபோல் அவமானமான வேலை வேறில்லை. எல்லோருக்கும் கை சும்மா இருக்கிறது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், பிறகு உங்களைப் பார்க்கிறார்கள். வெளியே அடுத்த நோயாளி பசியோடு படுத்திருக்கிறார் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். எனக்குத் தெரியாதா?

பைகள் வந்தன. புஷ்பா மிஸ் இந்த முறை அவற்றைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தார். "மிஸ், அணைக்காதீங்க!" என்று கத்தினேன். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

மூத்தவர் நகர்ந்து நின்றார். "இந்தா. நீயே தடவு."

இடம் மாறி நின்றேன். எழுதும் பேனாவைப்போல் பிடித்து, இழுத்து, தூக்கி, திரும்ப இழுத்தேன். விரல் நுனி தண்ணீரில் மரத்தது. கீச்சொலி திரும்ப மெல்லியதானது. வெட்டு விழுந்தது. எலும்பு இரண்டு பலகையாகப் பிரிந்தபோது, உள்ளே நரம்பு வெள்ளையாக, முழுதாக, அறுபடாமல் கிடந்தது.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல," என்றார் அவர்.

வெட்டுப்பட்டால் கண்ணுக்குத் தெரியும். சூடுபட்டால் தெரியாது. அது அவருக்கும் தெரியும். இடது பக்கம் முழுவதையும் நான் செய்தேன். முடிகிற நேரத்தில் அவர், "இந்தச் சத்தம் வேற மாதிரி இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

இனி வருவது சத்திரசிகிச்சையைவிட எனக்கு எரிச்சல் ஊட்டிய பகுதி. அன்று பிற்பகல் ஒவ்வொருவரும் தான் சரி என்று நிரூபிக்க என்னிடம் வந்தார்கள். புஷ்பா மிஸ், கருவிதான் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டது, பை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்றார். மூத்தவர், தண்ணீர் குளிர்ந்திருந்தால் அழுத்தியதால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். கருவியை விற்ற நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டால், முனையை மாற்றிப் பாருங்கள் என்றார். ஒவ்வொருவரும் மற்றவரின் பாதியைச் சரியாகச் சொன்னார்கள்.

அதோடு மூத்தவர் இன்னொன்றும் சொன்னார். "அவகிட்ட இதெல்லாம் சொல்லி வெக்காத. மரத்துப்போறது எல்லாருக்கும் வர்றதுதான். பயந்துருவா."

அவர் சொன்னதில் பாதி உண்மை. எல்லாம் சரியாக நடந்தாலும் உதடு மரக்கும். யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள். ஆனால் அவள் பல மாதம் என்னிடம் வரப்போகிறவள். உணர்வு ஏன் பிந்துகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொய் தயாரிக்க எனக்கு நேரமில்லை. வீக்கம் குறைந்து அவளால் பேச முடிந்ததும் சொன்னேன். வலது பக்கத்தில் எலும்பு தேவைக்கு மேல் சூடானது, நிறுத்தினோம், நரம்பு அறுபடவில்லை, எவ்வளவு பாதித்தது என்று இப்போது தெரியாது.

பற்களை ரப்பர் வளையங்கள் கட்டியிருந்ததால் பல்லிடுக்கால் கேட்டாள்: "யாரு கை மிஸ் அது?"

"எங்க கை."

"எல்லாருமா சேந்து ஒண்ணாப் புடிச்சீங்களா?"

 அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்தநாள் காலையில், "சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி" என்றாள். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கிளினிக். தாடை அழகாக ஒட்டியது. முன்பற்கள் சந்தித்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ரொட்டியை முன்பல்லால் கடித்துப் பிய்த்தேன் என்று சொன்னாள். இடது உதட்டில் எறும்பு ஊருவதுபோல் தொடங்கி, உணர்வு திரும்பியது. வலது உதட்டில் ஒன்றுமே இல்லை.

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சின் நுனியால் தொட்டுப் பார்ப்பேன். தொடும்போது "இப்ப" என்று சொல்ல வேண்டும். வலது பக்கத்தில் நான் தொடாதபோதே "இப்ப" என்பாள்.

"நான் தொடவே இல்லையே கலைவாணி."

"தொடப் போனீங்க தானே?"

"ஊகிச்சுச் சொல்லாதீங்க. எனக்கு உண்மை வேணும்."

"எனக்கு மட்டும் வேணாமா மிஸ்?"

தொழிற்சாலையில் அவளைத் திரும்பக் கோப்பை அடுக்கும் வேலைக்கு விட்டிருந்தார்கள். துப்புவது இப்போது நேராகப் போனது. ஆனால் உறிஞ்சும்போது வலது ஓரத்தால் தேநீர் வடிந்தது, வடிவது அவளுக்குத் தெரியவில்லை. சட்டை நனைந்ததைப் பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்துச் சொன்னார்கள். கொழும்பு ஆட்கள் வரும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. டீமேக்கர் நல்லவர், காத்திருப்பதாகச் சொன்னார். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. ஒரு தடவை கிளினிக் வாசலில் நின்று, "பழைய தாடையோடயே இருந்திருந்தா வழிஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.  அடுத்த திகதியை மட்டும் போட்டுக்கொடுத்தேன்.

அந்த மாதங்களில் தியேட்டரில் சில மாற்றங்கள் செய்தேன். கருவிக்கான சேலைனைக் கம்பத்தில் மாட்டிய பிறகு, வெட்டப்போகிறவர் தன் கையிலேயே அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குளிரில் கை உதற வேண்டும். உதறாவிட்டால் தொடங்கக் கூடாது. சத்தம் மாறினால் யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். சொன்னால் முதலில் கால் மிதியிலிருந்து எடுபட வேண்டும், வாதம் அதற்குப் பிறகு. இதையெல்லாம் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியதை யாரும் படிப்பதில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு காலையும் வாயால் சொன்னேன். சலித்தார்கள். சலிக்கட்டும். மூத்தவர் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் அவர் தக்காளியையும் முட்டையையும் கொண்டுவந்து, ஓய்வறையில் முட்டை ஓட்டை உள்தோல் கிழியாமல் கருவியால் அறுத்துப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை என்பதுபோல் இருவரும் நடந்துகொண்டோம். தக்காளி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கருவியைப் பற்றியது அல்ல. வேலை நகராதபோது நம் கை தானாகவே பலத்தைக் கூட்டும். அவசரமாக இருக்கும்போதும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இன்னும் கூட்டும். அந்த நேரத்தில் நின்று, ஏன் நகரவில்லை என்று கேட்பவர்தான் மேசையில் எல்லோரையும்விட வேண்டாதவராகத் தெரிவார். வேண்டாதவராக இருக்கப் பழகிக்கொள்ளுங்கள். அன்று நான் இன்னும் கொஞ்சம் முன்னால் கத்தியிருந்தால் என்ன, பின்னால் கத்தியிருந்தால் என்ன என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்து முடியாது. கணக்கு அவளுடைய உதட்டில் இருந்தது, அது வாய் திறக்காமல் இருந்தது.

ஒரு மழைக்காலக் காலையில், அவளுக்குத் திகதியே இல்லாத நாளில், கலைவாணி கிளினிக்குக்கு வந்தாள். குடை சொட்டச் சொட்ட வரிசையைத் தாண்டி நேராக உள்ளே வந்து நின்றாள். கீழுதட்டில், வலது பக்கத்தில், பெரிய கொப்புளம்.

 உணர்வில்லாத உதட்டில் கொதிக்கிறதை ஊற்றிக்கொண்டு, வெந்தது தெரியாமலே குடித்து முடிக்கிறவர்கள் உண்டு. கண்ணாடியைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அப்படியென்றால் இத்தனை மாதம் கழித்தும் அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். கொழும்பு, பயிற்சி, எல்லாம் முடிந்தது.

"உட்காருங்க. எப்படி ஆச்சு?"

"ருசி ரூம்ல தனியா இருந்தேன். யாரும் இல்லைன்னு ஒரு கோப்பைய எடுத்து உறிஞ்சிப் பாத்தேன். ஆற விடல."

நான் மெதுவாகக் கேட்டேன். "கொப்புளத்த மொதல்ல பாத்தது யாரு? நீங்களா, வேற யாரும் சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? கரண்டி பட்ட ஒடனே உசிரு போச்சி மிஸ்! நான் போட்ட சத்தத்துல டீமேக்கர் ஐயா மேல் மாடியில இருந்து ஓடி வந்துட்டாரு, மெஷின் பெல்ட்டுல கை மாட்டிக்கிச்சின்னு நெனச்சி. கரண்டிய வேற அவரு காலுல போட்டுட்டேன். நேத்தெல்லாம் எரிச்சல், தூங்கவே இல்ல. மருந்து தாங்க."

நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

"எந்தப் பக்கம் எரிஞ்சது?"

"இந்தா, இதுதான், கண்ணு முன்னாடி இருக்கே."

"நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் மிஸ். எரியுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், மருந்து எழுதாம சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க!"